வீட்டை விற்கும்போது சொலிசிட்டர் தவறு செய்தால்: இங்கிலாந்தில் முதன்முறையாக விற்பவர்களுக்கு

ஊரில் நிலமோ வீடோ விற்றவர்களுக்குப் பத்திர எழுத்தரையும் சார்பதிவாளர் அலுவலகத்தையும் தெரியும். விற்பவரும் வாங்குபவரும் நேரில் நின்று கையெழுத்திடுவார்கள். பிழை இருந்தால் பெரும்பாலும் அந்த மேசையிலேயே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை பேசி முடிந்த பிறகு வாரக்கணக்கில் எல்லாமே இரு தரப்புச் சொலிசிட்டர்களுக்கு, அதாவது சட்டப் பணிகளைச் செய்யும் வழக்கறிஞர்களுக்கு, இடையே மின்னஞ்சலில் நகர்கின்றன. தம் சொலிசிட்டரின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் வீட்டை விற்று முடித்தவர்கள் பலர். அதனால் தவறு நம் கண்முன் நடப்பதில்லை, நடந்தபின் தெரியவருகிறது. அப்போது பெரும்பாலானோர் முதலில் செய்வது கோபத்தோடு தொலைபேசியை எடுப்பது. அதற்கு முன் பார்க்க வேண்டியது, விற்பனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான். கட்டம் மாறினால் பரிகாரமும் மாறும். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டமும் முறையீட்டு அமைப்புகளும் வேறு.

உங்கள் பணியை எடுத்துக்கொண்டவர் யார், எதற்காக எடுத்துக்கொண்டார்

வேலையைத் தொடங்கும்போது நிறுவனம் அனுப்பும் கிளையன்ட் கேர் லெட்டரைத் தேடி எடுங்கள். பலர் அதைப் படிக்காமலே கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். எந்தெந்த வேலைகளை நிறுவனம் செய்யும், எவற்றைச் செய்யாது, கட்டணம் எவ்வளவு, முறையீடு இருந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருக்கும். அடிக்குறிப்பில் அந்த நிறுவனத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதும் இருக்கும். சொலிசிட்டர் நிறுவனமாயின் எஸ்.ஆர்.ஏ. எனப்படும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி. சொத்து விற்பனை வேலைக்கென்றே உரிமம் பெற்ற லைசென்ஸ்ட் கன்வேயன்சராயின் சி.எல்.சி. எனப்படும் கவுன்சில் ஃபார் லைசென்ஸ்ட் கன்வேயன்சர்ஸ். இரு வகையினரும் வீட்டு விற்பனையைச் சட்டப்படி நடத்தலாம். முறையிடும் வழியும் ஏறத்தாழ ஒன்றே.

நிறுவனம் செய்யாது என்று எழுதியிருக்கும் பகுதிதான் முக்கியம். வரி ஆலோசனை தரமாட்டோம் என்று அதில் இருந்தால், வரி பற்றிச் சொல்லவில்லை என்று பின்னர் குறைகூறுவது கடினம். தாம் குடியிருக்காத, வாடகைக்கு விட்டிருந்த வீட்டை லாபத்தில் விற்று மூலதன ஆதாய வரி செலுத்த வேண்டியவர், கம்ப்ளீஷன் நாளிலிருந்து (பணம் கைமாறி விற்பனை முடியும் நாள்) 60 நாள்களுக்குள் வரித்துறைக்கு அறிவித்துப் பணத்தையும் செலுத்த வேண்டும். சென்னையிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு லண்டன் ஃபிளாட்டை விற்பவர், வரி ஏதும் வராவிட்டாலும் அதே 60 நாள்களுக்குள் அறிவித்தே ஆக வேண்டும். இதைச் சொலிசிட்டர் நினைவூட்டுவார் என்று காத்திருந்து அபராதம் கட்டியவர்கள் உண்டு.

தாமதம் எல்லாம் தவறு ஆகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வாங்குபவரின் வங்கியோ, உள்ளாட்சி மன்றத்தின் தேடல் அறிக்கையோ, லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) ஃபிளாட்டின் நிர்வாக நிறுவனமோ வாரக்கணக்கில் இழுத்தடித்தால் உங்கள் சொலிசிட்டர் நினைவூட்டலாமே தவிர வேறு வழியில்லை. ஆனால் கடைசி நினைவூட்டலை அவர் எந்தத் தேதியில் அனுப்பினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும்.

ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு முன்

எக்ஸ்சேஞ்ச் எனப்படும் ஒப்பந்தப் பரிமாற்றம் நடக்கும்வரை இரு தரப்பும் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள் அல்லர். எனவே இக்கட்டத்தில் கண்டுபிடிக்கப்படும் தவறு ஏறத்தாழ எல்லாமே திருத்தக்கூடியது. ஒப்பந்த வரைவில் விலை, இரு தரப்புப் பெயர்கள், லேண்ட் ரெஜிஸ்ட்ரி எனப்படும் நிலப் பதிவுத் துறையின் டைட்டில் (உரிமை) எண், கம்ப்ளீஷன் தேதி ஆகியவற்றை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். டைட்டில் பதிவேட்டின் நகலை லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசு இணையதளத்திலிருந்து சில பவுண்டு செலவில் எவரும் எடுக்கலாம்.

தோட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் விற்பவர்கள் வரைபடத்தை இருமுறை பார்க்க வேண்டும். நகர்ப்புற டைட்டில் வரைபடங்கள் வழக்கமாக 1:1250 என்ற அளவில் இருக்கும்; அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஒன்றேகால் மீட்டர். சிவப்புக் கோடு சற்றுத் தடித்து விழுந்தாலே பக்கவாட்டு நடைபாதை ஒன்று கைமாறிப் போவதுபோல் தோன்றும். அந்தக் கோடு துல்லியமான எல்லையைக் காட்டுவதும் இல்லை, பொதுவான எல்லையையே காட்டுகிறது. ஆகவே பகுதி விற்பனைக்குத் தனியாக அளந்து வரைந்த படம் கேளுங்கள். கையெழுத்திடுவதற்கு முன் அந்தத் தாளோடும் அளவு நாடாவோடும் தோட்டத்தில் இறங்கி, வேலியிலிருந்து கொட்டகை வரை அளந்து பாருங்கள். பதிவான பின் இதைத் திருத்த, வாங்கியவரின் சம்மதமோ தீர்ப்பாயமோ தேவைப்படும்.

இன்னொரு பெரிய ஆபத்து, வாங்குபவர் தரப்பின் கேள்விகளுக்கு அளிக்கும் பதில்களில் இருக்கிறது. டி.ஏ.6 என்னும் சொத்துத் தகவல் படிவத்தை நீங்கள் நிரப்பிக் கொடுக்கிறீர்கள். அண்டை வீட்டாருடனான தகராறு, கட்டட அனுமதி, ஜப்பானிய நாட்வீட் களை முதலிய கேள்விகள் அதில் உண்டு. அதன்பின் எழும் கூடுதல் கேள்விகளுக்குச் சில நிறுவனங்கள் உங்களைக் கேட்காமலே, ‘விற்பவர் அறிந்தவரை இல்லை’ என்று பதில் அனுப்பிவிடுகின்றன. அந்தப் பதில் பொய்யானால் வாங்கியவர் வழக்குத் தொடுப்பது உங்கள்மீதுதான். நீங்கள் பின்னர் சொலிசிட்டரிடம் ஈடு கேட்கலாம் என்பது வேறு விஷயம். ஆகவே, என் பெயரில் போகும் ஒவ்வொரு பதிலையும் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள் என்று முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். தவறான பதில் போய்விட்டது என்று தெரிந்தால் அன்றே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். பரிமாற்றத்துக்கு முன்பே திருத்திவிட்டால், பழைய தவறான பதிலை நம்பி வாங்கினேன் என்று எவரும் சொல்ல முடியாது.

இக்கட்டத்தில் எழுதும் கடிதத்தின் தொனி பற்றி ஓர் எச்சரிக்கை. ‘நஷ்டஈடு’, ‘அலட்சியம்’, ‘வழக்கு’ ஆகிய சொற்களை அவசரப்பட்டுப் பயன்படுத்தாதீர்கள். தம் நலனும் வாடிக்கையாளர் நலனும் மோதும் நிலை வந்தால் சொலிசிட்டர் உங்களுக்காகத் தொடர்ந்து செயல்படக் கூடாது என்பது விதி. நீங்கள் நஷ்டஈடு கோருவதாக எழுதினால் நிறுவனம் பாதியில் விலகிக்கொள்ள நேரலாம். விற்பனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது உங்களுக்குத்தான் இழப்பு. எது தவறு, எந்த ஆவணத்தில் உள்ளது, எந்த நாளுக்குள் திருத்த வேண்டும் என்ற மூன்றையும் மட்டும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்த அலுவலகத்தில் மேற்பார்வை செய்யும் பங்குதாரரின் பெயரைக் கேட்டு அவருக்கு எழுதுங்கள்; கோப்பைக் கையாள்பவர் பல இடங்களில் உதவியாளர்தான், பொறுப்பு வேறொருவருடையது.

சொலிசிட்டரை மாற்றிவிடலாமா என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். மாற்றலாம், தடையில்லை. ஆனால் இதுவரை நடந்த வேலைக்குப் பழையவர் கட்டணம் கேட்பார், அது தீரும்வரை கோப்பைப் பிடித்துவைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. புதியவர் அடையாளச் சோதனையிலிருந்து தொடங்குவார். வாங்குபவர் பொறுமையிழந்து விலகினால் எல்லாம் வீண். நம்பிக்கையே போய்விட்டாலொழிய, அதே நிறுவனத்துக்குள் வேறொருவரிடம் கோப்பை மாற்றித்தரக் கேட்பதே மேல் என்பது என் கருத்து.

பரிமாற்றத்துக்கும் கம்ப்ளீஷனுக்கும் இடையில்

இப்போது ஒப்பந்தம் உங்களைக் கட்டிப்போட்டுவிட்டது. உங்கள் சம்மதம் இல்லாமல் அல்லது நீங்கள் சொன்ன தேதிக்கு மாறாகப் பரிமாற்றம் நடந்திருந்தால் அது சிறிய பிழையல்ல. உதாரணமாக, உங்கள் நிலையான வட்டிக் கடன் ஜூன் 30-இல் முடிகிறது, அதற்கு முன் அடைத்தால் 2 விழுக்காடு கட்டணம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். சொலிசிட்டர் ஜூன் 27-ஐக் கம்ப்ளீஷன் நாளாக ஒப்புக்கொண்டுவிட்டார். கடன் 2,38,000 பவுண்டு என்றால், ஜூலை 1 வரை நான்கு நாள் பொறுக்காததற்கு விலை 4,760 பவுண்டு. ‘ஜூலை 1-க்கு முன் வேண்டாம்’ என்று நீங்கள் எழுதிய மின்னஞ்சல் இருந்தால் பொறுப்பு அவருடையது. தொலைபேசியில் சொன்னது மட்டும் என்றால் வாதம் நீளும். தேதியை மாற்ற வாங்குபவர் சம்மதிக்க வேண்டும். சிலர் சம்மதிப்பார்கள், உடனே கேட்கச் சொல்லுங்கள். இழப்பைக் குறைக்க நீங்களும் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது.

விற்ற பணத்தில் அதே நாளில் வேறு வீடு வாங்குபவர்களுக்குக் கடிகாரமும் எதிரி. பொதுவாகப் பயன்படும் ஸ்டாண்டர்ட் கண்டிஷன்ஸ் ஆஃப் சேல் விதிகளின்படி பிற்பகல் 2 மணிக்குப் பிறகு வந்த பணம், தாமதத்துக்கான ஈட்டைக் கணக்கிடும்போது அடுத்த வேலைநாளில் வந்ததாகக் கொள்ளப்படும். உங்கள் விற்பனைப் பணம் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வந்து, சொலிசிட்டர் அதை மூன்று மணிக்கு அனுப்பினால், அது திங்கட்கிழமைப் பணம். தாமத வட்டி பெரும்பாலும் வங்கி அடிப்படை வட்டிக்கு மேல் 4 விழுக்காடு. மொத்தம் 8 விழுக்காடு என்று கொண்டால் 4,00,000 பவுண்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 88 பவுண்டு ஆகும். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து வாரத்தின் நடுவில் தேதி வைக்கச் சொல்வது அதனால்தான்.

குறித்த நாளில் விற்க முடியாமல் போனால் வாங்குபவர் முடித்துத்தரக் கோரும் அறிவிப்பை அனுப்பலாம். அதன்பின் உங்களுக்கு 10 வேலைநாள்கள்தான். விற்பனை தடைபடப் பெரிய காரணம் தேவையில்லை. டி.ஆர்.1 உரிமை மாற்றப் பத்திரத்தில் சாட்சியின் முகவரி விடுபட்டிருப்பதே போதும். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோவையிலிருந்தோ கையெழுத்திட்டு கூரியரில் அனுப்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாட்சி உங்கள் எதிரில் இருந்து நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், விற்பனையில் ஒரு தரப்பாக இருக்கக் கூடாது.

கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் இறந்துவிட்டு, பதிவேட்டில் ‘ஃபார்ம் ஏ’ கட்டுப்பாடு (ஒருவர் தனியாக விற்பதைத் தடுக்கும் குறிப்பு) இருந்தால், உயிரோடு இருப்பவர் மட்டும் கையெழுத்திட்டுப் பெரும்பாலும் விற்க முடியாது. இரண்டாவது அறங்காவலர் ஒருவரை நியமிக்க வேண்டியிருக்கும். இது பதிவேட்டில் முதல் நாளிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் செய்தி. கடைசி வாரத்தில்தான் சொலிசிட்டர் இதைக் கண்டுபிடித்தார் என்றால் அது தாமதமல்ல, தவறுதான்.

கணக்குத் தாளை வரிவரியாகப் படிப்பது

கம்ப்ளீஷனுக்குச் சற்று முன் அனுப்பப்படும் கணக்குத் தாளில்தான், என் அனுபவத்தில், மிகுதியான தவறுகள் இருக்கின்றன. வீட்டு விலை 4,25,000 பவுண்டு என்று கொள்வோம். எஸ்டேட் ஏஜென்டுடன் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 1.2 விழுக்காடு, வாட் (மதிப்புக் கூட்டு வரி) உட்பட என்று இருக்கிறது. அதாவது 5,100 பவுண்டு. ஏஜென்ட் அனுப்பிய பில்லில் வாட் தனியாகச் சேர்ந்து 6,120 பவுண்டு. சொலிசிட்டர் அந்தப் பில்லையே கணக்கில் எழுதியிருப்பார். நீங்கள் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டாவிட்டால் 1,020 பவுண்டு போய்விடும். ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க உங்கள் அனுமதி வேண்டும். சரிபார்த்த பிறகே அனுமதியுங்கள்.

அடுத்து கடன் அடைப்புத் தொகை. வங்கி தரும் கணக்கு ஒரு குறிப்பிட்ட நாள்வரைக்கானது. வெள்ளிக்கிழமைக்கு எடுத்த தொகையை, கம்ப்ளீஷன் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன பிறகும் அப்படியே அனுப்பினால் மூன்று நாள் வட்டி குறையும். 2,38,000 பவுண்டுக்கு 5 விழுக்காட்டில் அது 98 பவுண்டு அளவில்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிறு தொகைக்காகக் கடன் கணக்கு திறந்தே கிடக்கும், வங்கி அடமானத்தை நீக்காது, வாங்கியவரின் பதிவு தேங்கும், உங்கள் கிரெடிட் அறிக்கையில் நிலுவை ஏறக்கூடும். விற்ற இரண்டு வாரங்களுக்குள் வங்கியிடம் கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டின்மேல் இரண்டாவது கடன் இருந்தால் அதற்கும் தனியாகக் கேளுங்கள்.

எஞ்சிய பணம் யாருக்கு எவ்வளவு என்பது இன்னொரு கண்ணி. எழுபதுக்கு முப்பது என்று பங்கு எழுதிவைத்த கணவன் மனைவி, அண்ணன் தம்பி ஆகியோரின் பணம், அந்தப் பத்திரம் கோப்பில் சேராததால் ஒரே கணக்குக்குப் போவதுண்டு. இருவரும் கையெழுத்திட்ட எழுத்துமூல அறிவுறுத்தலும் பங்குப் பத்திரத்தின் நகலும் கம்ப்ளீஷனுக்கு முன்பே சொலிசிட்டரிடம் இருக்க வேண்டும். உறவு கசந்திருந்தால் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மின்னஞ்சலை மட்டும் நம்பி உங்கள் வங்கி எண்ணைக் கொடுக்காதீர்கள், சொலிசிட்டர் பெயரில் வரும் வங்கி எண்ணை ஏற்கவும் செய்யாதீர்கள். உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைந்தவன் வேறு எண்ணை அனுப்பி, சொலிசிட்டர் தொலைபேசியில் உறுதிசெய்யாமல் பணத்தை அனுப்பிவிட்டால், அந்த நிமிடமே அவரையும் இரு வங்கிகளையும் காவல்துறையையும் தொடர்புகொள்ளுங்கள். வாடிக்கையாளர் கணக்கிலிருந்து முறையின்றி எடுக்கப்பட்ட பணத்தைச் சொலிசிட்டர் நிறுவனம் உடனே ஈடுசெய்ய வேண்டும் என்பது எஸ்.ஆர்.ஏ. கணக்கு விதி.

முறையீடு

விற்பனை முடிந்துவிட்டது, தவறு திருத்தப்படவில்லை, பணமோ நிம்மதியோ போனது என்றால் முறைப்படி எழுதுங்கள். கிளையன்ட் கேர் லெட்டரில் குறிப்பிட்டவருக்கு, ‘முறையீடு’ என்று தலைப்பிட்டு, கோப்பு எண்ணுடன், நடந்தவற்றைத் தேதி வரிசையில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரமான மின்னஞ்சலை இணையுங்கள். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: கட்டணத்தில் குறைப்பா, இன்ன தொகையா, விளக்கமா. முறையீட்டைக் கையாள நிறுவனம் கட்டணம் கேட்கக் கூடாது. தவறு நடந்தால் வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் எஸ்.ஆர்.ஏ. நடத்தை விதிதான், அதைக் கடிதத்தில் மரியாதையாக நினைவூட்டலாம்.

நிறுவனத்துக்கு 8 வாரங்கள் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சட்டச் சேவை பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் லீகல் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். 2007-ஆம் ஆண்டின் லீகல் சர்வீசஸ் சட்டத்தின்கீழ் அமைந்து 2010 முதல் இயங்கும் இந்த அமைப்பு உங்களிடம் பணம் வாங்குவதில்லை. இறுதிப் பதில் கிடைத்த 6 மாதங்களுக்குள் போக வேண்டும். அத்துடன் 2023 ஏப்ரல் முதல் இன்னொரு கெடுவும் உண்டு: தவறு நடந்த, அல்லது அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு. நிறுவனத்தோடு மாதக்கணக்கில் மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டே இந்த ஓராண்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஓம்பட்ஸ்மன் 50,000 பவுண்டு வரை இழப்பீடு தரச் சொல்லலாம், கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். முடிவை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்படும். அதன்பின் அதே விஷயத்துக்கு நீதிமன்றம் போக முடியாது. வாங்குபவரின் சொலிசிட்டர்மேல் இங்கே முறையிட முடியாது, உங்களுடையவர்மேல் மட்டுமே.

எஸ்.ஆர்.ஏ. வேறு வாசல். நேர்மையின்மை, பணக் கையாடல், கொடுத்த உறுதிமொழியை மீறுதல் போன்றவற்றை அங்கே தெரிவிக்கலாம். தண்டனை கிடைக்கலாம், ஆனால் உங்கள் இழப்பை அது வாங்கித்தராது. சொலிசிட்டர் பணத்தைக் கையாடியிருந்தால் எஸ்.ஆர்.ஏ. நடத்தும் ஈட்டு நிதியிடம் தனியாக விண்ணப்பிக்கலாம். மோசமான சேவையை எஸ்.ஆர்.ஏ.வுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்து, ஓம்பட்ஸ்மன் கெடுவைத் தவறவிடுபவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

இழப்பு பெரிதாக இருந்தால்

50,000 பவுண்டைத் தாண்டிய இழப்புக்குத் தொழில்முறை அலட்சிய வழக்கே வழி. தவறு நடந்தது, அதனால்தான் இழப்பு வந்தது, இழப்பு இவ்வளவு என்ற மூன்றையும் நீங்கள் நிறுவ வேண்டும். பெரும்பாலான வழக்குகள் இரண்டாவதில்தான் சறுக்குகின்றன. கெடு, 1980-ஆம் ஆண்டின் லிமிட்டேஷன் சட்டப்படி பொதுவாக 6 ஆண்டுகள். தவறு பின்னர்தான் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் கிடைக்கலாம். ஆயினும் தவறு நடந்து 15 ஆண்டுகளுக்கு மேல் போக முடியாது. இத்துறையில் பழகிய வேறொரு சொலிசிட்டரைப் பாருங்கள். அவர் அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தை எதிர்த் தரப்பு 21 நாள்களுக்குள் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும். விசாரித்துப் பதிலளிக்க அதன்பின் மூன்று மாதங்கள் உண்டு. 10,000 பவுண்டுக்கு உட்பட்ட தொகையைச் சிறு கோரிக்கை முறையில் நீங்களே நடத்தலாம்.

கோரிக்கைக் கடிதம் போனவுடன் நிறுவனம் திடீரென மௌனமாகும். அது திமிர் அல்ல. எஸ்.ஆர்.ஏ. நிறுவனங்கள் கட்டாயமாகக் குறைந்தது 20 லட்சம் பவுண்டு, லிமிடெட் நிறுவனமாயின் 30 லட்சம் பவுண்டு அளவுக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். காப்பீட்டாளர் சம்மதம் இல்லாமல் அவர்கள் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது. நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் அடுத்த 6 ஆண்டுகளுக்குக் காப்பு தொடரும் ஏற்பாடு உண்டு.

உங்கள் கோப்பின் நகலை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டண நிலுவையைக் காட்டி மறுத்தாலும், உங்களைப் பற்றிய தரவுகளைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டால் வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சமரசமாக ஒரு தொகையையோ கட்டணக் குறைப்பையோ நீட்டினால், கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான இறுதித் தீர்வு என்று அதில் இருந்தால், 300 பவுண்டு கட்டணக் குறைப்பைப் பெற்றுக்கொண்டு, மேலே உதாரணத்தில் கண்ட 4,760 பவுண்டைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தவர் ஆவீர்கள். நல்லெண்ண அடிப்படையிலான குறைப்பாக மட்டும் ஏற்கிறேன், மற்ற உரிமைகள் பாதிக்கப்படா என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். அதற்கு அவர்கள் எழுத்தில் சம்மதித்த பிறகே பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.